தகரத்துக்கு உள்பக்கம் ஒரு பேரு

மனுவைப் படிச்சுக் காட்டினியே பேராண்டி, நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் பக்கத்துல எனக்குக் கண்ணு சொக்கிருச்சு. அது உன் தப்பு இல்ல, ஜெட்டிக் காத்து அப்படி. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நாலு பக்கம் எழுதியிருக்கியே, அதுல 'ஒழுகுது'ங்கிற வார்த்தை எங்கடா போச்சு?

நம்ம அந்தமான் மாயாபந்தர்ல மே மாசம் பிடிக்கிற மழை டிசம்பர் வந்தாத்தான் கையை விடுது. சாயங்கால வகுப்புக்கு வர்ற பிள்ளைக புஸ்தகம் நனையாம இருக்கத் தலையைக் கொடுக்குதுக. துருப்பிடிச்ச கூரையை மாத்த இருபது தகரம் வேணும். விஷயம் அம்புட்டுத்தான். நீ என்னடான்னா 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் ஒருங்கிணைந்த கற்றல் சூழல்'னு எழுதி வச்சிருக்க. சபாஷ். ஒழுகுற கூரைக்கு எவன் பணம் தருவான்? சூழலுக்குன்னா தருவான். ஆனா தகரம் வாங்கப் போறப்ப கடைக்காரன்கிட்ட மறந்தும் சூழல் இருக்கான்னு கேட்டுறாத.

சரி, யாருக்கு எழுதியிருக்க? தமிழ்நாட்டுல ஏதோ பெரிய வீட்டு அறக்கட்டளையா? ரொம்ப நல்லது. அவுக வீட்டு வாசல் எங்க இருக்குன்னு பார்த்தியா?

நான் சிவகங்கைச் சீமையிலேர்ந்து கப்பல் ஏறி வந்தவன். வள்ளல்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணு இது. அழகப்பச் செட்டியாரை எடுத்துக்க. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரணும்னு 300 ஏக்கர் நெலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்தாரு. 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, 1953-ல தொறந்தாக. அந்தப் பொட்டக்காட்டுல அம்புட்டுப் பெரிய விஞ்ஞானம் முளைச்சது அந்த மனுஷன் கைராசி. ஆனா முளைச்சது எங்க? அவரு ஊருக்குப் பக்கத்துல. முருகப்பச் செட்டியார் குடும்பத்து அறக்கட்டளையைப் பாரு. பள்ளத்தூர்ல ஆஸ்பத்திரி, அது சொந்த ஊரு. ஆவடியில பாலிடெக்னிக், சைக்கிள் ஆலை இருந்த அம்பத்தூருக்கு அடுத்த கூப்பிடு தூரம். குத்தம்னு சொல்லலடா. வாய்க்கால் தண்ணி முதல்ல பக்கத்து வரப்பத்தான் நனைக்கும். நீ ஆயிரம் மைல் கடலுக்கு இந்தப் பக்கம் ஏனத்தை வச்சுக்கிட்டு நிக்கிற.

சர்க்காரும் அதத்தான் சட்டமாவே எழுதி வச்சிருக்கு. 2013 கம்பெனிச் சட்டம் 135-ம் பிரிவு: 500 கோடி சொத்துமதிப்பு, இல்ல 1000 கோடி வரவு, இல்ல 5 கோடி லாபம், இதுல ஒண்ணு இருந்தாலும் சரி, அந்தக் கம்பெனி மூணு வருஷ சராசரி லாபத்துல நூத்துக்கு ரெண்டு ரூபா ஊருக்குச் செலவழிக்கணும். அதுலயும் தான் தொழில் பண்ற இடத்துக்கு முன்னுரிமை கொடுக்கணுமாம். நம்மூர்ல எந்தக் கம்பெனி தொழில் பண்ணுது? தீவுல பேர் சொல்ற மாதிரி ஒரு ஆலைன்னா சாத்தம் மரஆலை. 1883-லேர்ந்து ஓடுது, அதுவும் சர்க்காருது. 2002-ல சுப்ரீம் கோர்ட்டு காட்டுல கோடாலிக்குக் கடிவாளம் போட்ட பிறகு அதுவும் இளைச்சுப் போச்சு. மிச்சம் இருக்கிறது டீக்கடை, மீன்கடை, பஸ் ஆபீஸ். நம்ம டீக்கடைக்காரர் லாபத்துல ரெண்டு பர்சென்ட்டுன்னா வருஷத்துக்கு நாலு வடை.

அதுக்குமேல இந்த வகுப்பு நடத்துற உங்க சங்கத்துக்கு வயசு என்ன? போன தீபாவளிக்குத்தான பேரு வச்சீங்க? கம்பெனிக்காரக கொடுக்கணும்னா மூணு வருஷமாவது வேலை பார்த்த தடம் காட்டணும். அப்புறம் 12ஏ, 80ஜி வரிப் பதிவு, சி.எஸ்.ஆர்.-1 படிவம், ஆடிட்டர் கையெழுத்து. ஆடிட்டரைப் பார்க்க ஜார்வா பழங்குடிக் காட்டு வழியா கான்வாய்ல போர்ட் பிளேயர் போகணும். அந்த ஊருக்கும் 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர மாத்திட்டாக, உன் படிவத்துல ரெண்டு பேரும் இருக்கு, எதுன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவாக. போக்குவரத்து, ராத்தங்கல், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பாரு. எட்டுத் தகரம் அதுலயே பறந்துரும்.

நான் பயமுறுத்தலடா. பொறுமை வேணும்னு சொல்றேன். பச்சையப்ப முதலியார் 1794-ல சாகுறதுக்கு முன்னாடி உயில் எழுதி, காசியிலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் தர்மம் பண்ணச் சொன்னாரு. சொந்தமும் பந்தமும் கோர்ட்டுமா இழுத்து, அந்தக் காசுல பள்ளிக்கூடம் தொறக்க 1842 ஆச்சு. நாப்பத்தெட்டு வருஷம்! உன் மனுவும் அந்த வேகத்துல நகந்தாலும் கவலை இல்ல. உன் பேரப்பிள்ளை நனையாம படிக்கும்.

தூரத்து ஆளுக்குக் கொடுத்தவுகளே இல்லையான்னு கேப்ப. இருக்காக. டாட்டா வீட்டுல 1892-லயே மேல்படிப்புக்கு ஒரு நிதி வச்சாக. கேரளத்துல உழவூர்ங்கிற கிராமத்து ஏழை வீட்டுப் பையன் டாட்டா வீட்டு உதவியில 1945-ல லண்டனுக்குப் படிக்கப் போனான். பின்னாடி ராஷ்டிரபதியே ஆனாரு, கே.ஆர். நாராயணன். ஆனா அந்த நிதியில ஒரு சூட்சுமம் பாரு. கொடுக்கிறது தானம் இல்ல, கடன் உதவித்தொகை. படிச்சு சம்பாதிச்சுத் திருப்பிக் கட்டு, அடுத்தவன் படிப்பான். கொடுத்தவனுக்கு அசல் நிக்குது, வாங்கினவனுக்கு முதுகு நிமிருது. மனு எழுதுறப்ப உன் முதுகு எந்தக் கோணத்துல இருந்துச்சுன்னு நெனச்சுப் பாரு. 'தங்கள் மேலான சமூகத்துக்கு'ன்னு ஆரம்பிச்சு அஞ்சு இடத்துல வளஞ்சிருக்க.

தகரம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நம்ம வடக்குப் பக்கம் தரை மேல எழும்பி, கடலுக்குள்ள கெடந்த பவளப்பாறை வெயில் காஞ்சுச்சு. தெக்க போர்ட் பிளேயர் பக்கம் தரை கீழ எறங்கி வயல்ல உப்புத்தண்ணி நின்னுச்சு. அப்ப உலகமே வாரி வாரிக் கொடுத்துச்சுடா, கேக்காமலே. நாகப்பட்டினத்து ரோட்டோரமெல்லாம் பழைய துணி குமிஞ்சு கெடந்து, கட்ட ஆள் இல்லாம நனைஞ்சு மக்கிப் போச்சு. நிக்கோபார்க்காரனுக்கு என்ன கொடுத்தாக தெரியுமா? தகரக் கொட்டகை. கூரை வேஞ்ச வீட்டுல குளுகுளுன்னு இருந்த சனம், அந்தக் கொட்டகைக்குள்ள பகல்ல வெந்துச்சு. வேணாம்னவனுக்குத் தீவு தீவா தகரம். வேணும்னு கேக்குற உனக்கு நாலு பக்க மனு.

அதனால, நான் சொல்றபடி செய். சிரிக்காம கேளு. மொதல்ல காசு சேக்க ஒரு டப்பா தேடு. விருதுநகரு அப்ப விருதுபட்டி. அங்க நாடாக்கமாரு வீட்டுப் பொம்பளைக உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசியத் தனியா எடுத்து வைப்பாக. கடைக்காரக யாவாரத்துல மகமைன்னு ஒரு பங்கு ஒதுக்குவாக. அப்படிச் சேந்த காசுல 1889-ல எழும்புனதுதான் க்ஷத்திரிய வித்யாசாலை. காமராசரு படிச்ச பள்ளிக்கூடம். எந்த அறக்கட்டளைக்கும் ஒரு வரி மனுப் போடல. நம்ம ஊர்ல தமிழ் வீடு கொஞ்சம்தான்னு சொல்லுவ. வெபி கிராமத்துக் கரேன் சனத்துக்கிட்ட கேளு, ராஞ்சிக்காரகிட்ட கேளு, வங்காளிகிட்ட கேளு. அவுக பிள்ளைகளும் அந்த வகுப்புலதான உக்காருதுக? மழை என்ன பாஷை பார்த்தா ஒழுகுது?

ஆறு தகரம் உங்க காசுல ஏறட்டும். அத போட்டோ எடு. பாதி புதுசு, பாதி ஓட்டை, ரெண்டும் ஒரே படத்துல தெரியணும். அப்புறம் அந்தப் பெரிய வீட்டுக்கு ஒரு பக்கத்துல எழுது: ஆறு போட்டுட்டோம், பதினாலு பாக்கி, விலை இம்புட்டு. கூடவே அவுக ஊர்லேர்ந்து கப்பலேறி வந்த குடும்பம் இங்க ஏதாச்சும் இருக்கான்னு விசாரிச்சு, அவுக கையெழுத்தையும் வாங்கிப் போடு. வாசல் அங்கேர்ந்து இங்க நீளும். சூழல், கீழலு எல்லாத்தையும் அடிச்சிரு. வேணும்னா ஒரு 'நிலைத்தன்மை' மட்டும் விட்டு வை, அவுக மனசு நோகக் கூடாது.

என்னடா என் பையையே பார்க்குற? சரி, ஒரு தகரம் நான் தர்றேன். தானம் இல்ல, டாட்டா வீட்டு வழக்கம், கடன். நீ வேலைக்குப் போனதும் இன்னொரு கூரைக்கு ஒரு தகரம் வாங்கிப் போடு. கல்வெட்டு, பித்தளைப் பலகை ஒண்ணும் வேணாம். தகரத்துல மட்டும் பேர எழுதிரு. வெளிப்பக்கம் எழுதாத, மழையில அழிஞ்சு போகும். உள்பக்கம் எழுது, பாடம் புரியாம மேல பார்க்குற பிள்ளைகளாவது படிக்கட்டும்.

அதுக்கும் ஒரு மனு கொண்டா. மூணு பிரதி, போட்டோ ஒட்டி.