சங்கிலி ரம்பப் பிரமாணம்

பழைய செயின்சா நல்லதா, புதிய செயின்சா நல்லதா என்ற கேள்வியை பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து ஆராய எந்த நியாயமும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது ஆய்வு நாணயம். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூர் தொடக்கத்தில் தீயில் வெந்தது, முடிவில் வெள்ளத்தில் நனைந்தது. மரமும் அத்தாப்பும் போதும், இனி செங்கல்லில் கட்டுங்கள் என்று மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம் சொல்ல, அந்தச் செங்கல்லை அறுத்துக் கொடுத்த களிமண் பூமி இது. ஆகவே இவ்வூர் வரலாற்றில் அறுக்கப்பட்டது செங்கல். மரம் அறுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இவ்வாய்வாளன் தேடவும் இல்லை. இன்றைக்கு ஜாலான் துன் சம்பந்தனில் கத்தி படும் ஒரே தாவரம் வாழையிலை.

இருந்தும், மோனோரயில் பாதைக்கு அருகில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் மூன்றாம் மேசையில் இந்தக் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. பிள்ளையார் சுழி போட்ட நாள் 2024 மே 7. அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெருமரம் வேரோடு சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. மோனோரயில் நின்றது. மரத்தைத் துண்டு போட்டு அப்புறப்படுத்துவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த மேசை, முதலில் இறந்தவருக்காக உச்சுக்கொட்டியது, பிறகு மாநகராட்சியைத் திட்டியது, கடைசியில் மெஷினில் வந்து நின்றது.

"எல்லாம் பிளாஸ்டிக்கு லா. அந்தக் காலத்து ஜெர்மன் மெஷினா இருந்தா பத்தே நிமிஷம்" என்றார் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். இவரை இனி பழமைவாதி என்று குறிப்போம். ரயில்வே யார்டு இருந்த இடத்தில் சென்ட்ரல் நிலையம் வந்ததையும், பிள்ளைப் பருவத்தில் ஓடியாடிய நூறு குவாட்டர்ஸ் இடிபட்டதையும் பார்த்தவர். பழசு எதைத் தட்டினாலும் அதற்காக வழக்காட வந்துவிடுவார். எதிரில் இருந்த காப்புறுதி முகவர் புதுமைவாதி. அவரிடம் செயின்சா கிடையாது, செயின்சா பற்றிய காணொளிகள் உண்டு. நான் நடுநிலையாளன். ஆனால் மேசையிலேயே மரம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்: கிள்ளானில் மாமியார் வீட்டுப் பின்புறம் ஒரு ரம்புத்தான், பக்கத்து வீட்டுக் கூரைமேல் தோளில் கை போடுவதுபோல் கிளையைப் போட்டுக்கொண்டு நின்றது.

கருவியின் தோற்ற வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டினால் சாப்பிட முடியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுப்பதற்குப் பல் வைத்த சங்கிலி ஒன்றைக் கையாண்டார்கள். சங்கிலி ரம்பத்தின் கொள்ளுப்பாட்டி அதுதான். இதை நான் சொன்னதும் பழமைவாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டார். பிறகு 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஸ்டுட்கார்ட்டில் தொழில் தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்பவர், கட்டையைக் குடைந்து போகும் வண்டுப்புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்தார். அதே மாதிரி பல் வைத்த சங்கிலியை மறு ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் வாங்கும் புத்தம்புது சங்கிலியும் அந்தப் புழுவின் வழித்தோன்றல்தான். ஆக, மரத்தில் படும் பல்லில் பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. சண்டையெல்லாம் பல்லுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினைப் பற்றியது. இந்த உண்மையை மேசைமுன் வைத்தேன். எவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது அளவை. ஒரு பொருளை எப்படி அறிவது என்பதற்குப் பத்துப் பிரமாணம் வரை எண்ணுவார் உண்டு என்றாலும், காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் முடித்துவைத்தார். பழைய செயின்சா வாங்கப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த கைநூலை நான் காணவில்லை. அவர் இறைவனை அறிய எழுதியதை நான் கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கடையின் தவுக்கே நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசும் சீனப் பெரியவர். தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மேசைமேல் எடுத்து வைத்தது ஸ்டீல் 070. மலாயாக் காட்டிலும் போர்னியோக் காட்டிலும் பெருமரங்களை வீழ்த்திய இனம். 106 சிசி, பாரும் சங்கிலியும் மாட்டாமலே பத்துக் கிலோவுக்கு மேல்.

முதலில் உரையளவை. "அசல் ஜெர்மன் லா, தம்பி. ஒரே ஓனர். ஒரு தண்டலோட மெஷினு. அவரு எடுத்ததே கம்மி." உரை பிரமாணமாக வேண்டுமானால் சொல்பவர் குற்றமற்ற ஆப்தராக இருக்க வேண்டும் என்பது விதி. 700 வெள்ளி விலை சொல்லி, நான் வாயைத் திறக்கும் முன்பே 550க்கு இறங்கியவரை அந்த வகையில் சேர்க்கலாமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அதுவும் இங்கே அசல் என்ற சொல்லே சிக்கலானது. 070இன் உருவத்தில் சீனாவில் வார்த்த நகல்கள் இந்த வட்டாரமெங்கும் விலைபோகின்றன. போன வருடம் பிறந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய முகத்தோடு இருக்கும் மெஷின் பழசா, புதுசா? இதற்கு மேசையின் இரு கட்சியிடமும் விடையில்லை. புதிய பழசு என்று ஒரு மூன்றாம் வகையை இவ்வாய்வு முன்மொழிகிறது.

காண்டல் அளவையிலும் எனக்கு அடி சறுக்கியது. மெஷின் பளபளவென்று இருந்தது, அதனாலேயே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஆரஞ்சுச் சாயம் அடித்து, பாருக்குக் கிரீஸ் பூசி வைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருப்பதைப் போல.

எஞ்சியது கருதல். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று கருதிக்கொள் என்பது தர்க்க நூல்கள் சலிக்காமல் தரும் எடுத்துக்காட்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பார்த்திருந்தால் நையாயிகர்கள் இன்னும் நூறு பக்கம் எழுதியிருப்பார்கள். இங்கே நெருப்பு உண்டு என்பதல்ல செய்தி, புகையின் நிறம்தான் செய்தி. நீலமாகக் குமைந்தால் பெட்ரோலில் எண்ணெய் மிகுதி. முன்பு இந்த மெஷின்களுக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் ஊற்றுவார்கள், இப்போது 50க்கு ஒன்று போதும். புகையே இல்லாமல் கிணுகிணுவென்று அளவுக்கு மீறிக் கத்தினால், எங்கேயோ ரப்பர் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது, சீக்கிரம் பிஸ்டன் சிக்கும். தவுக்கே கயிற்றை ஒரே இழு இழுத்தார். மெஷின் கிளம்பியது. மெல்லிய புகை, கடை அதிர்ந்தது, என் சந்தேகங்களும் அதிர்ந்து உதிர்ந்தன.

பணத்தை எடுக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் இழுப்பதற்கு முன்பு மெஷினை நகர்த்திக் கொடுத்தபோது சிலிண்டர் பக்கம் என் கையில் கதகதப்பாக இருந்தது. ஆறிக் கிடந்த மெஷினல்ல அது. நான் வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தது தவறு. கிளம்ப எத்தனை இழுப்பு வாங்கியது என்பதைத் தவுக்கே ஒருவரே அறிவார். மலையில் புகை பார்ப்பதற்கு முன்பு மலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தர்க்க நூல்களில் ஒரு வரி சேர்க்கலாம்.

புதுமைவாதியின் வாதத்தையும் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் காணொளி அனுப்பிக்கொண்டே இருப்பார். 2019இல் வந்த எம்எஸ் 500ஐ என்ற ஸ்டீல் மெஷினில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சுகிறது. 79 சிசியிலேயே பழைய 106 சிசியின் பலத்தை எட்டிப்பிடிக்கிறது. எடையோ ஏறக்குறைய ஆறு கிலோதான். எழுபதுகளுக்குப் பிறகு பரவிய சங்கிலி பிரேக், பார் எகிறி முகத்துக்கு வரும் கணத்தில் சங்கிலியை நிறுத்திவிடுகிறது. தவுக்கேயின் 070இல் அது இல்லவே இல்லை. பழமைவாதி இதற்கு ஒரே பதில் வைத்திருந்தார்: "கெட்டுப்போனா கம்ப்யூட்டர மாட்டணும். என் மெஷினுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்." அவருக்கு மெஷின் கிடையாது என்பதை எவரும் சுட்டிக்காட்டவில்லை. மரியாதை.

இந்நிலையில் ஆய்வுக்கு வெளித் தேர்வாளர் ஒருவர் தேவைப்பட்டார். எங்கள் பெரியப்பா பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் மறுநடவுக்குக் கித்தா மரம் சாய்க்கும் கான்ட்ராக்டில் இருந்தவர். கித்தா மரம் இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்தால் அதோடு சரி. ஒரு காலத்தில் அதன் அடியில் ஆர்செனிக் மருந்தைப் பூசி, நின்ற இடத்திலேயே பட்டுப்போக விடுவார்கள். அந்தக் கட்டையில் மேசை நாற்காலி செய்யலாம் என்று உலகம் கண்டுகொண்டதும்தான் செயின்சாக்காரர்களுக்கு யோகம் அடித்தது. பெரியப்பா இருபது வருடத்துக்கும் மேல் தூக்கியது இதே 070. இதுவரை அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு கதையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போனோம். தவுக்கே பெரியப்பாவைப் பார்த்ததும் விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை. முதலில் சிலிண்டரில் புறங்கையை வைத்தார். ஆறியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கிப் புகைக்குழல் பெட்டியைக் கழற்றினார். உள்ளே தெரிந்த துளைக்கு நேராக என்னை விளக்கடிக்கச் சொல்லி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கினார். எண்ணெய் இல்லாமல் ஓடிய மெஷினில் பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பூனை கீறியது போலக் கோடுகள் இருக்கும். இதில் இல்லை. வழவழவென்று மங்கிய வெள்ளி நிறம். ஆரஞ்சுச் சாயம் மறைத்ததைத் திறந்து காட்ட இரண்டு மூன்று திருகாணி போதும் என்று எந்தச் சித்தாந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் இல்லை. கடைசியாக மெஷினைத் தரையிலிருந்து கயிற்றுப் பிடியாலேயே தூக்கித் தொங்கவிட்டார். அமுக்கம் போன மெஷின் கிணற்றில் விட்ட வாளி மாதிரி சரசரவென்று இறங்கிவிடும். இது நின்றது, ஒரு முழம் இறங்கியது, மறுபடியும் நின்றது. கடையில் யாரும் பேசவில்லை.

"நல்ல மெஷினுதான்டா" என்றார். "வேணாம்."

காரில் வரும்போது காரணம் கேட்டேன். "கைப்பிடியப் பாத்தியா? எஞ்சினோட சேத்து முறுக்கியிருக்கான். நடுவுல ரப்பரு, ஸ்பிரிங்கு ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான். மற்றதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். குளிர் நாடுகளில் வருடக்கணக்கில் செயின்சா பிடித்தவர்களின் விரல் வெள்ளை வெளேரென்று வெளுத்துவிடும். நம் வெப்பத்தில் வெளுப்பது அரிது, உணர்ச்சி மட்டும் போய்விடும். உணர்ச்சி போவதற்குத் தமிழில் மரத்துப்போவது என்று பெயர். மரம் சாய்த்தவர்களின் விரலைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

நேராக மூன்றாம் மேசைக்கே அழைத்து வந்தேன். தேர்வாளரின் தீர்ப்பை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன். உடனே உரை வேற்றுமை தோன்றிவிட்டது. பழமைவாதி முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்: நல்ல மெஷின் என்று தேர்வாளரே சொல்லிவிட்டார், வேண்டாம் என்றது விலையை. புதுமைவாதி கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கை கொடுத்து வெற்றியைக் கொண்டாடினார்கள். தீர்ப்பைச் சொன்னவரே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மாமியாரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: ரம்புத்தான் பூத்துவிட்டது, பழம் இறங்கும்வரை எவனும் கிட்டே போகக் கூடாது.

கடைப்பையன் காப்பி கொண்டுவந்து வைத்தான். விளிம்புவரை ஊற்றிய கண்ணாடிக் கிளாஸ், ஆவி பறந்தது. நாங்கள் மூவரும் அவரவர் கிளாஸைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டோம். பெரியப்பா ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்து எடுத்துக் குடித்தார்.

"பெரியப்பா, சூடு" என்றேன்.

கிளாஸைப் பார்த்தார். "அப்படியா?"