கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர்: கணவாய் நிலத்தார்க்கும் மலை நிலத்தார்க்கும் ஓர் ஆராய்ச்சி

கம்பியில்லாத வேக்குவம் கிளீனர் பாலக்காட்டுக்குப் புதிது என்பார் நிலவியல் கல்லாதவர். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் திறந்த வாய். மார்கழி, தையில் கீழைக்காற்று அவ்வாய் வழியே கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புழுதியை இழுத்து வந்து, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வீடுகளின் காவித் தரையில் இறக்குகிறது. ஆனி, ஆடியில் அதே வாய் கிழக்கே ஊதும். இந்தக் கணவாய்க் கிளீனருக்குச் சார்ஜ் போட வேண்டாம், பில்டர் கழுவ வேண்டாம். குறை ஒன்றே: குப்பைப் பெட்டி நம் வீடு.

இதை மறுப்போர் 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரத்தைக் காட்டுவர். அது குதிரை வண்டியில் தெருவுக்கு வந்து, ஜன்னல் வழியே குழாயை மட்டும் உள்ளே விட்டது. கையடக்கக் குலத்தின் மூதாதையைத் தேடினால் நிலவுக்குப் போக வேண்டும். அப்போலோ பயணத்துக்கு மண் துளைக்கும் கம்பியில்லாக் கருவியை உருவாக்கிய பிளாக் அண்ட் டெக்கர்தான் 1979-இல் டஸ்ட்பஸ்டரை விற்பனைக்கு விட்டது. நிலவில் காற்றில்லை, கணவாயிலுள்ள கஞ்சிக்கோட்டிலோ காற்றாலை நடும் அளவுக்கு உண்டு. ஆகவே அங்கே செல்லுபடியானது இங்கும் செல்லும் என்பது போலிவாதம்.

கடையில் முதலில் காதில் விழுவது பாஸ்கல். அட்டைப்பெட்டியில் 25,000 என்றிருக்கும். குழாயின் வாயை முழுக்க அடைத்து அளக்கும் எண் அது. வாயடைத்த நிலையில் காற்றும் நகராது, தூசியும் நகராது. தரையைச் சுத்தமாக்குவது உறிஞ்சலும் காற்றோட்டமும் சேர்ந்த ஏர்வாட். அதைப் பெட்டியில் தேடுவோர் கண்ணாடி மாற்ற நேரும். இன்னொரு நுட்பமும் உண்டு. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால், அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் உறிஞ்சல் இறங்கும். சித்தூரில் 25,000 வாங்கியவர் மூணாற்றுக்கு மாற்றலாகிப் போனால் கையில் நிற்பது 21,000 சொச்சம். மீதியைக் கழித்துக்கொண்டதற்கு வழியிலுள்ள சின்னார் செக்போஸ்ட்டில் யாரும் ரசீது கொடுப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கடையொன்றில் கேட்ட வாதம்:

"ஏனுங் தம்பி, இது ஈசல் றெக்கையை எடுக்குமா?"

"எடுக்குமுங்க அம்மிச்சி. தலைமுடியே எடுக்கும்."

"றெக்க சரி. உசுரோட இருக்கற ஈசலு?"

கடைக்காரர் வாரண்டி அட்டையைப் புரட்டினார். ஆய்வாளர் உலகம் இன்னும் அந்த அட்டையில்தான் நிற்கிறது.

இடுக்கியில் வழக்கே வேறு. மழைக்காலத்தில் ஏலக்காட்டிலிருந்தும் தேயிலைக் காட்டிலிருந்தும் பூட்ஸோடு வீடு சேர்வது தூசி அல்ல, சேறு. சில நாள் அட்டையும். உலர்வகை இயந்திரத்துக்கு ஈரம் ஆகாது. பில்டர் அப்பிக்கொண்டு நாறும். மறையூர் மட்டும் மழைமறைவு நிலமாதலால் கணவாய்க் கட்சியில் சேரும். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் கம்பியில்லாமை வீண் ஆடம்பரம்: நாலு மீட்டர் ஒயர் தன் வீட்டை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் திண்ணையையும் எட்டிப் பார்க்கும். பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகார வீடோ ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். பிளக் பாயின்ட் கூடத்தோடு நின்றுவிடும். கம்பியில்லாமைக்கு இலக்கணம் அங்கேதான் பொருந்துகிறது.

அங்கும் ஒரு தடை. ஒரு மணி நேரம் ஓடும் என்பது மெதுவாக உறிஞ்சும் மோடுக்கு. முழு வேகத்தில் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் மூச்சு நின்றுவிடும். அதாவது ரேழியில் தொடங்கினால் அடுக்களை வாசற்படியில். ஆகவே கழற்றி மாட்டும் பேட்டரி உள்ளதையே வாங்குக. மோட்டார் கைப்பிடியோடு இருப்பதால் எடையைத் தராசில் பாராமல், கையை நீட்டிக் கட்டிலுக்கடியில் விட்டுப் பார்க்க. மணிக்கட்டு சொல்லும்.

இனி எஞ்சுவது பெரிய கேள்வி: விளக்கேற்றிய பிறகு இதை ஓட்டலாமா? கூடாது என்பார், பெருக்கினால் லட்சுமி வாசல் வழியே போய்விடுவாள் என்பர். ஈர்க்குமாறு வெளியே தள்ளுகிறது. இயந்திரமோ உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆதலால் ஓட்டுவதில் தோஷமில்லை. குப்பைக் கிண்ணத்தை மட்டும் விடிந்த பிறகு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொட்டுக.