கழுத்தைப் பாரு, கதையைக் கேக்காத

ஏலேய் பேராண்டி, பழைய பாஸ் கிட்டார் வாங்கப் போறியாமே! புதுப்பட்டி பூராவும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் நேத்துத்தான் காதுக்கு வந்துச்சு. வாங்கு, வாங்கு. உன் சுபாவத்துக்கு ஏத்த வாத்தியந்தான். பாடுறவனுக்கு விசிலு, டிரம்ஸ்காரனுக்குக் கைதட்டு, பாஸ்காரனுக்குக் கச்சேரி முடிஞ்சதும் ரெண்டு புரோட்டா. அவன் வாசிக்கிறதை ஒருத்தனும் கவனிக்க மாட்டான். ஆனா நடுவுல ஒயர் கழண்டு அவன் சத்தம் நின்னுச்சுன்னு வையி, கடலை வித்துக்கிட்டு இருக்கிறவன்கூட மேடையத் திரும்பிப் பாப்பான்.

வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், கூமாப்பட்டின்னு பொங்கலுக்குப் பொங்கல் மெல்லிசைக் குழு வேன்ல போயி அந்தப் புரோட்டாவைத் தின்னவன் சொல்றேன். கேட்டா கேளு. கேக்காட்டி எனக்கென்ன, உங்கப்பன் காசு.

மொதல்ல அந்த வீடியோவை அணை. விக்கிறவன் வாசிச்சு அனுப்பியிருக்கானாம், இவரு செல்லுல கேட்டுட்டு "சூப்பரா இருக்கு தாத்தா"ங்கிறாரு. அட மண்டு, பாஸ்ல இருக்கிற தடிக்கம்பி ஈ. அதைச் சும்மா தட்டிவிட்டா நொடிக்கு 41 தடவை அதிரும். அந்த அடிச்சத்தத்தை உன் செல்லு ஸ்பீக்கரு எங்குட்டுப் போயி எழுப்பும்? நீ கேட்டது மேலாப்புல வர்ற சத்தத்தை மட்டுந்தான். 2025ல கூமாப்பட்டிக்கு வாங்கன்னு வந்த வீடியோவப் பாத்துட்டு எங்கெங்க இருந்தோ காரு பிடிச்சு வந்து, அதுல பாத்த தண்ணியத் தேடிப் பிளவக்கல் அணைப் பக்கம் அலைஞ்சாங்களே, மறந்துட்டியா? நேர்ல போ. கிருஷ்ணன்கோவிலுக்குப் போயி நின்னா மதுரைக்குப் பஸ்ஸு வரும். வாத்தியத்தைக் கையில வாங்கு, மடியில வை, பெறவு பேசு.

என்ன மாதிரி பாஸ் பாக்கிறதுன்னு நீ இன்னும் கேக்கல. கேக்க மாட்ட, கலரை மட்டும் முடிவு பண்ணிட்ட. அதனால நானே சொல்லிடுறேன். அமெரிக்காவுல கலிபோர்னியாவுல லியோ ஃபெண்டர்னு ஒருத்தரு, ரேடியோ ரிப்பேர்க் கடை வச்சிருந்தவரு. அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது, அதைத் தெரிஞ்சுக்க. அதுவரைக்கும் பாஸ்னா ஆள் ஒசரத்துக்கு நிமிந்து நிக்கிற பெரிய பிடில்தான். தூக்கிட்டுப் போறதும் பாடு, டிரம்ஸுக்குப் பக்கத்துல அது கேக்குறதும் பாடு. அதுல ஃப்ரெட்டும் கிடையாது. வீணையில மெட்டு வைக்கிறோம்ல, அதேதான் ஃப்ரெட்டு. மெட்டு இல்லாட்டி விரல் நூல் தப்பினாலும் சுருதி தப்பிரும். 1951ல இவரு தோள்ல மாட்டுற மாதிரி, ஃப்ரெட்டு வச்சு, கரண்டுல பேசுற மாதிரி ஒண்ணு செஞ்சு பிரிசிஷன் பாஸ்னு விட்டாரு. 1960ல ஜாஸ் பாஸ். இன்னைக்கு மலிவு விலையில நீ பாக்கிற பாஸு பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணோட சாயல்ல இருக்கும். பிரிசிஷன் சாயல்ல, கம்பி அதிர்றதைப் பிடிக்கிற பிக்கப், ரெண்டு துண்டாப் பிரிஞ்சது ஒண்ணு, சத்தத்துக்கு ஒரு திருகு, டோனுக்கு ஒரு திருகு. ஜாஸ் சாயல்ல பிக்கப் ரெண்டு, திருகு மூணு. பழசு வாங்கிறவனுக்கு என் ஓட்டு பிரிசிஷன் பக்கந்தான். கெட்டுப்போறதுக்கு அதுல சாமான் கம்மி.

இனி முக்கியமான சோலி. மாட்டுச் சந்தைக்குப் போயி பல்லைப் பிடிச்சுப் பாக்காம, கொம்புக்கு அடிச்ச பெயின்ட்டைப் பாத்து முன்பணம் குடுக்கிற ரகம் நீ. பாஸுக்குப் பல்லு எதுன்னா, கழுத்து. உடம்புல கீறல் இருக்கட்டும், பெயின்ட் உரிஞ்சிருக்கட்டும், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கழுத்து கெட்டா எல்லாம் கெட்டுச்சு. நாலு கம்பியும் சேந்து ராத்திரி பகலா அந்தக் கழுத்தை 70 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டே இருக்கு. இழுக்குற இழுப்புக்கு மரம் வளையத்தான செய்யும்? அதுக்கு எதிரா உள்ளுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் ராடு. அது வேலை செய்யுதாங்கிறதுதான் கேள்வியே.

தலைமாட்டுல இருந்து ஒரு கண்ணைச் சாத்திக்கிட்டு நீளவாக்குல பாரு. ரெண்டு ஓரமும் ஒண்ணுபோல ஓடணும். ஒரு ஓரம் நேரா, இன்னொண்ணு கோணலாப் போனா முறுக்கு விழுந்திருக்கு. வில்லு மாதிரி வளைஞ்சதை ராடைத் திருகி நிமித்தலாம். முறுக்கை நிமித்த அதால ஆகாது. அந்த இடத்துலயே கும்பிடு போட்டுட்டு வந்துரு, டீ குடுத்தாலும் குடிக்காத. முறுக்கு இல்லையா? அப்ப தடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டுல ஒரு கையால அமுக்கு, கழுத்து உடம்போட சேர்ற இடத்துல இன்னொரு கையால அமுக்கு. நடுவுல, ஏழு எட்டாவது ஃப்ரெட்டுகிட்ட, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற சந்து இருந்தா யோக்கியமான கழுத்து. சந்தே இல்லைன்னாலும், சந்து ரொம்ப இருந்தாலும், "அண்ணே, ராடைக் கொஞ்சம் திருகிக் காட்டுங்க"ன்னு கேளு. நீயாத் திருகாத, ஒடிஞ்சா உன் தலையில கட்டிருவான். "அதெல்லாம் தேவையில்ல தம்பி"ன்னு அவன் சிரிச்சா, அந்த ராடு ஏற்கெனவே கடைசி மரை வரைக்கும் திருகி முடிஞ்சுபோச்சுன்னு வச்சுக்க.

பெறவு வாசி. உனக்குத் தெரிஞ்ச அந்த ஒரே பாட்டை வாசிக்காத, அது கடையில எல்லாருக்கும் தெரியும். இருபது ஃப்ரெட்டு, நாலு கம்பி, ஆக 80 இடம். எம்பதையும் ஒவ்வொண்ணா அமுக்கித் தட்டு. விக்கிறவன் கொட்டாவி விடுவான், விடட்டும். ஏதாவது ஒரு இடத்துல மட்டும் கரகரன்னு இழுத்தாலோ, சத்தம் சட்டுன்னு செத்தாலோ அங்கன ஃப்ரெட்டு தேஞ்சிருக்கு, இல்ல தூக்கியிருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா சரி பண்ணலாம். பூராவும் மாத்தணும்னா மலிவு பாஸுக்கு அந்தக் கூலி வாங்குன விலையைத் தொட்டுரும். உள்ளங்கையைக் கழுத்தோட ஓரத்துல மேலயிருந்து கீழ தடவு. நம்ம பங்குனி சித்திரை வெயில்ல மரம் சுருங்கும்; ஃப்ரெட்டு உலோகம் சுருங்காது, முனை வெளிய துருத்தி கையைக் கீறும். கடக்கரைப் பக்கத்து வீட்டுல இருந்து வந்த பாஸா இருந்தா, திருகாணி, கம்பியோட அடிமுனையைத் தாங்குற பிரிட்ஜு, கம்பி முறுக்குற காதுன்னு ஒண்ணுவிடாம துருவைப் பாரு.

செல்லு ஒரு வேலைக்கு உதவும். சுருதி பாக்கிற ஆப் இருக்குல்ல, அதைப் போடு. கம்பியைச் சும்மா தட்டுனா வர்ற அதே சுரம், 12ஆவது ஃப்ரெட்டுல அமுக்கித் தட்டுனா ஒரு ஸ்தாயி மேல வரணும். தள்ளி வந்தா பிரிட்ஜுல இருக்கிற திருகாணியை நகத்திச் சரி பண்ணலாம். அது நகர இடமே இல்லாம முட்டிக்கிட்டு நின்னா யோசிச்சுக்க.

"விரல் வைக்கிற பலகை ஒரிஜினல் ரோஸ்வுட்"ன்னு ஒரு ஆயிரத்தை ஏத்துவான். ஏலேய், அது ஈட்டி. நம்ம மேற்கு மலையில வளர்ற மரம், இங்கிருந்து உலகத்துக் கிட்டாருக்கெல்லாம் போகுது. 2017ல ஈட்டிச் சாதி மரம் அத்தனைக்கும் உலக வியாபாரத்துல கட்டுப்பாடு போட்டு, 2019ல செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் விலக்குக் குடுத்தாங்க. இருந்தாலும் மலிவு பாஸுல அந்தப் பலகைக்குன்னு தனியா ஒரு பைசா குடுக்காத. உன் வாசிப்புக்கு வேப்பம் பலகையே அதிகம்.

கரண்டு சமாச்சாரம். ஒயரை மாட்டி, திருகுகளைச் சுத்து. கரகரத்தா அழுக்கு, ஒரு ஸ்பிரே அடிச்சாப் போயிரும், அதுக்குப் பயப்படாத, பயப்படுற மாதிரி மூஞ்சியை மட்டும் வையி. ஒயர் சொருகுற ஓட்டையை லேசா ஆட்டு, சத்தம் விட்டு விட்டு வந்தா அதுவும் சின்ன வேலைதான். கம்பியைத் தொட்டா 'கொய்ங்' சத்தம் குறைஞ்சா சரி. தொடும்போது கூடுனா உள்ளே எர்த் ஒயர் அத்துருக்கு, இல்ல அந்தக் கடை பிளக்குலயே எர்த் இல்ல. இதுல விளையாடாத. எர்த் இல்லாத ஆம்ப்புல பாஸை மாட்டிக்கிட்டு, கையைக் கம்பியில வச்சு மைக்குல வாயை வைக்கிறவனைக் கரண்டு தூக்கியடிக்கும். நம்ம பொங்கல் மேடையில பாதி ஒயர் தீக்குச்சியச் செருகித்தான் நிக்குது. உடம்புல 9 வோல்ட் பேட்டரி போடுற பாஸா இருந்தா அந்த மூடியைத் திறந்து பச்சைப் பொடி பூத்திருக்கான்னு பாரு. வாங்கிட்டா, வாசிச்சு முடிச்சதும் ஒயரைப் பிடுங்கி வை. சொருகியே இருந்தா பேட்டரி காலி.

அடுத்து தலையில இருக்கிற பேரு. ஃபெண்டர்னு எழுத ஒரு ஸ்டிக்கர் போதும்டா. ஸ்கொயர்ங்கிறது அந்தக் கம்பெனியே மலிவு விலைக்கு வச்ச பேரு, அதுல கேவலம் ஒண்ணுமில்ல. யமாஹா, ஐபானெஸ், கோர்ட் மாதிரிப் பேரும் நம்பி வாங்கலாம். பேரே கேள்விப்படாத பாஸா இருந்தாலும் கழுத்து நல்லா இருந்தா நான் எடுப்பேன்.

பேருக்குப் பெறவு கதை வரும். "இது சினிமாவுல வாசிச்சது தம்பி. ராஜா சார் பாட்டெல்லாம் இதுலதான்." மலைக்கு அந்தப் பக்கந்தான் இளையராஜா ஊரு பண்ணைப்புரம், நமக்கேவா? 1976ல அன்னக்கிளி வந்தப்ப இருந்து கேக்குறவன் நானு. அவரு பாட்டுல பாஸை மட்டும் காதால பிரிச்சுக் கேட்டுப் பாரு, அடியில தனியா இன்னொரு பாட்டு ஓடும். அதை வாசிச்சவர்ல முக்கியமானவரு சசிதரன். ரகுமான் பாட்டுல கீத் பீட்டர்ஸ். இந்த ரெண்டு பேரு வாசிப்பையும் ஒரு மாசம் கேட்டுட்டுக் கடைக்குப் போ, நல்ல சத்தம் எதுன்னு காதுக்குப் பிடிபட்டிருக்கும். அவங்க வாசிச்ச பாஸு உனக்கு மலிவு விலைக்குக் கிடைக்காது. கிடைக்குதுன்னு சொன்னா பர்சைப் பிடிச்சுக்க.

அளவையும் பாத்துக்க. வழக்கமான பாஸுல கம்பி அதிர்ற நீளம் 34 அங்குலம். கை எட்டலைன்னா 30 அங்குலத்துலயும் வருது, வெக்கப்படாம அதை எடு. வார் போட்டு நின்னு பாரு. கையை விட்டா தலை கீழ சாயிற பாஸு ராத்திரிக் கச்சேரியில தோளைத் தின்னுரும்.

விலை? அதே சாமான் புதுசா என்ன விலைன்னு பாத்துட்டுப் போ. அதுல பாதிக்கு மேல குடுக்காத. கையில இருக்கிற காசை மொத்தமாப் பாஸுலயும் போட்டுறாத. புதுக்கம்பி ஒரு செட்டே ஆயிரத்தைத் தாண்டும், ஒயர் வேணும், உறை வேணும். ஆம்ப்பு இல்லாம அது சும்மா மரக்கட்டை. உன் கூட்டாளியோட கிட்டார் ஆம்ப்புல சத்தமா வச்சு வாசிக்காத, ஸ்பீக்கர் கிழிஞ்சு சிநேகிதமும் கிழியும். இப்போதைக்கு ஹெட்போன்ல வாசி. உங்க ஆத்தாளும் தூங்கணும்ல.

போற நாளை முன்னாடியே சொல்லு, நானும் வாரேன். விலை நான் பேசுறேன், நீ வாயத் திறக்காத. பஸ் டிக்கெட்டு மட்டும் நீ எடுத்துரு.