செவந்த வால்வும் செல்லப் பேரனும்

வா கண்ணு, உக்காரு. கோயமுத்தூர்ல பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒண்ணு வாங்கி, வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு வரைக்கும் மடியிலயே வெச்சுக் கொண்டாந்தியாமா. இப்ப ராத்திரியில பாட்டுப் போட்டா இஎல்34 வால்வு ஒண்ணு செவக்குதுன்னு படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பறே. பேஷ்!

நடுவுல ஆரஞ்சா மினுங்கறது ஈட்டர். அது அப்படித்தான் இருக்கோணும். சுத்தியிருக்கற சாம்பல் தகடு பிளேட்டு, அது செவக்கக் கூடாது. 25 வாட்டுத்தான் தாங்கும். படம் புடிச்ச நேரத்துல சுவிட்ச அமத்தியிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்.

பங்குனி வெயிலுன்னு பழி போடாதே. வால்வுக் கண்ணாடியே 200 டிகிரி கிட்டப் போகும். நம்மூரு 40 டிகிரியெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு?

சரி, புது வால்வு ஒரு ஜோடி வாங்கிப் போடு. அதுவும் செவந்தா இன்னொரு ஜோடி. கடைக்காரனும் பொழைக்கோணுமல்ல? காசு மிச்சம் புடிக்கற கெட்ட பழக்கம் உனக்கு இருந்தா மட்டும் இந்த அப்பாரு சொல்றதக் கேளு.

செட்டு ஆறினப்பொறவு ரெண்டு வால்வையும் எடம் மாத்திப் போடு. செவப்பு வால்வு கூடவே போச்சுன்னா வால்வு குத்தம். பழைய சாக்கெட்டுலயே நின்னுச்சுன்னா செட்டு குத்தம்.

செட்டுன்னா மொதல் சந்தேகம் கப்ளிங் கெப்பாசிட்டர் மேல. வாளையார் செக்போஸ்ட்டுல லாரிய நிறுத்திட்டுக் காரை விட்ட மாதிரி, முந்தின வால்வோட டிசி வோல்டேஜ நிறுத்திட்டுப் பாட்ட மட்டும் விடறது அது. வயசாகிக் கசிஞ்சா, கிரிட்டுல பயாஸா நிக்கற மைனஸ் வோல்ட்டு கரைஞ்சு போயி, வால்வு கரண்ட்டக் கட்டுமட்டில்லாம இழுக்கும். செட்ட அமத்தி வால்வக் கழட்டிட்டு, மறுபடி சுவிட்சப் போட்டு, கிரிட்டோட 5-ம் பின்ல மீட்டர் வெச்சுப் பாரு. பிக்சட் பயாஸ் செட்டுன்னா மைனஸ் 30, 40 வோல்ட்டு காட்டோணும். கேத்தோடு பயாஸ்னா பூஜ்யம். பிளஸ் பக்கம் ஏறினா கெப்பாசிட்டர மாத்து. மைனஸே வரலீன்னா பயாஸ் சப்ளையப் பாரு. பக்கத்து 4-ம் பின்ல 400 வோல்ட்டு இருக்கும், கை தவறாம பாத்துக்க.

ராத்திரியில மட்டும் செவக்குதா? கம்பெனியெல்லாம் ஓஞ்சா லைன் வோல்டேஜ் ஏறும். 220-க்குச் சுத்தின டிரான்ஸ்பார்மருக்கு 245 வந்தா, ஈட்டரோட 6.3 வோல்ட்டு 7 ஆகும், 400 வோல்ட்டு 445 ஆகும். 240 டேப்பிங் இருந்தா அதுல மாத்திக் குடு.

சால்ட்ரிங் வைக்கறதுக்கு முந்தி ஒண்ணு. பிளக்கப் புடுங்கினாலும் பில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ரெசிஸ்டர் வெச்சு எறக்கிட்டு, மீட்டர்ல பூஜ்யம் பாத்துட்டுத் தொடு. அவசரமா? அப்பச் சும்மா தொடு கண்ணு. உன்ற வாசல்ல மைக் செட்டுக் கட்டறதுக்கு நான் ஆளப் புடிச்சுத் தாரேன். நல்ல வால்வு செட்டாவே கட்டச் சொல்றேன்.