எட்டாப்புக்கு வந்த நாக்கு வைத்தியம்

வாரும் வாத்தியாரே, உக்காரும். எட்டாப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்புல தீயாப் பாடம் எடுக்கீராமே, தென்காசி பூரா அதான் பேச்சு. 'இஸ்கூல்'னு சொன்ன பயலை பெஞ்சு மேல ஏத்திப் பத்துத் தடவை சொல்ல வச்சீராமே. பேஷ்! இப்ப அவன் ஸ்கூலுக்கே வரமாட்டேங்கான். சிக்கல் தீந்துட்டுல்லா?

அவன் என்ன வே செய்வான்? நம்ம தமிழ்ச் சொல்லு எதுவும் ரெண்டு மெய் சேந்து தொடங்காது. அதான் நாக்கு தானா ஒரு 'இ'யை முன்னால போட்டுக்கிடுது. 'ஸ்ஸ்ஸ்'னு நீளமா இழுக்கச் சொல்லும், மூச்சு விடாம 'கூல்' சேக்கச் சொல்லும். 'இ'க்கு எடமே இருக்காது.

அடுத்தது பகரம். வாய்க்கு முன்னால ஒரு துண்டுத்தாளைப் பிடிச்சு, வெள்ளைக்காரன் மாதிரி 'பென்'னு சொல்லும். தாளு ஆடுதா? அந்தக் காத்துதான் அவன் பகரம். இப்ப நம்ம 'பழம்' சொல்லும். தாளு ஆடலைதான்... ஆனா 'பளம்'னுல்லா சொன்னீரு! விடும், பஜார்ல பாதிப்பேருக்குப் பளந்தான். தொல்காப்பியர் பிறப்பியல்லயே ழகரத்துக்கு வழி சொல்லிட்டுப் போயிட்டாரு: நுனிநாக்கை மேல வளைச்சு அண்ணத்தைத் தடவணும். அழுத்தி முட்டுனீரோ, ளகரம் வந்து குந்திக்கிடும்.

நாக்குக்கு முன்ன காதைப் பழக்கும். வாயை மறைச்சுக்கிட்டு வலி, வளி, வழின்னு மாத்தி மாத்திச் சொல்லும். எது வந்துச்சுன்னு பிள்ளைகள் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரலைக் காட்டட்டும். ஐந்தருவிக்குப் புதுசா வந்த பயலை முடியைப் பிடிச்சா உள்ள தள்ளுதோம்? சாரல்ல கொஞ்சம் நின்னாம்னா அவனே தலையை நீட்டுவான்.

பதிமூணு வயசு, குரல் உடையுத காலம். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சிரிச்சுட்டா, பய ஒரு வாரம் வாயே திறக்கமாட்டான். எல்லாரையும் சேந்து சொல்லவிடும். அந்த இரைச்சல்ல ஒளிஞ்சுக்கிட்டு அவனே திருத்திக்கிடுவான். குற்றாலத்துல இருந்த ரசிகமணி டி.கே.சி. பாட்டை வாய்விட்டுச் சொல்லியே கேட்டவங்களைக் கட்டிப்போட்டாரு. யாரையும் பெஞ்சு மேல ஏத்துனதா நான் கேள்விப்பட்டதில்ல.

அப்புறம் இன்னொண்ணு. தமிழ் வகுப்புல ழகரம்னாலே வாழைப்பழத்தோல்ல ஒரு கிழவனை வழுக்கி விழ வைக்கியளே, இன்னும் எத்தனை வருஷத்துக்கு வே? பாவம், இடுப்பு வலி அவனுக்கு. வலின்னேன். உம்ம காதுல வளின்னு விழுந்திருந்தா, பிள்ளைகளுக்கு முன்ன நீரு விரலைக் காட்டிப் பழகும்.