செக்ரட்டரி சார்

காலை ஐந்தே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து அப்பார்ட்மென்ட் எதற்குள் நுழைந்தாலும், கார்களுக்கு நடுவே ஒருவர் நடந்துகொண்டிருப்பார். வாக்கிங் என்று நினைத்துவிடக் கூடாது. வாக்கிங் போகிறவர் கையை வீசிப் போவார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த டயர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துப் போவார். அவர்தான் அசோசியேஷன் செக்ரட்டரி.

பெரும்பாலும் சிப்காட்டில் ஏதாவதொரு கம்பெனியின் சேஃப்டி டிபார்ட்மென்ட்டிலிருந்து ரிட்டயர் ஆனவராக இருப்பார். ஃபோர்க்லிஃப்ட் போகிற வழியில் காலி அட்டைப்பெட்டி கிடந்தாலும் பொறுக்காத கண்கள். ரிட்டயரான மறுநாள் அந்தக் கண்களுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் கேஸ் சிலிண்டரைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடிக்கப் பார்த்தார். வீட்டம்மா கரண்டியோடு வெளியே வந்தார். ஆகவே பொதுவாழ்வுக்கு வந்துவிட்டார். தேர்தலில் ஜெயித்தார் என்று சொல்வது மரபு. உண்மையில், செக்ரட்டரி பதவிக்கு யார் என்று கேட்டபோது ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு வந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனியாதவர் இவர் ஒருவர்.

இந்த இனத்துக்குத் தீனி கார் பார்க்கிங். இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. சிப்காட், தேர்வாய் கண்டிகை, ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி என்று எங்கும் ஷிப்ட் வேலை. ஏ ஷிப்ட்காரர் விடியுமுன் வண்டியை எடுக்க வேண்டும். பி ஷிப்ட்காரர் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால், அவர் இடத்தில் யாருடைய மச்சானுடைய இன்னோவாவோ நிற்கும். பில்டரோ ஒரே தூணின் இரண்டு பக்கமும் ஒரே நம்பரை எழுதி, இரண்டு பேரிடம் காசு வாங்கிக்கொண்டு போயிருப்பார். திறந்தவெளி பார்க்கிங்கையும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொது என்று 2010இல் நஹல்சந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. செக்ரட்டரிக்கு அந்தத் தீர்ப்பு மனப்பாடம். பொழிப்புரையும் கைவசம் உண்டு: பொது என்றால் யாருடையதும் இல்லை, யாருடையதும் இல்லையென்றால் செக்ரட்டரியுடையது.

எங்கள் செக்ரட்டரி பழைய கம்பெனி கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டை இன்னும் கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் ரோந்து. போகிற போக்கில் ஒவ்வொரு காரையும் நாலு பக்கமும் படம் எடுப்பார். எந்தக் கதவில் எந்தக் கீறல், எந்தக் கண்ணாடியில் எந்த விரிசல் என்று தேதி, மணியோடு போனில் இருக்கும். கேட்டால், "நாளைக்கு யாராவது சங்கத்து மேல பழி போட்டா, நம்மகிட்ட ரெக்கார்டு இருக்கணும் இல்ல?" என்பார். வாட்ஸப்பில் அவர் போடும் சுற்றறிக்கைக்கு நம்பர் உண்டு, நகல் உண்டு. படிப்பவர்தான் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் ஒரு அப்பார்ட்மென்ட்டின் கார்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம், த்சொ என்றோம், மறந்தோம். செக்ரட்டரி மறக்கவில்லை. மறுவருஷம் அக்டோபரில் திருவள்ளூரையும் சேர்த்து நாலு மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் வந்தது. வேளச்சேரியில் ஜனங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். டிவியில் அதைப் பார்த்ததும் இவருக்குக் கை அரித்தது. எங்கள் வளாகத்தில் மேம்பாலம் இல்லை. குழந்தைகள் பூங்கா ஓரம் ஒரு முழம் மேடு இருந்தது. தாழ்வான பகுதி என்று அவரே அறிவித்திருந்த பி பிளாக் மூலையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

கார்க்காரர் ஸ்டீல் ரோலிங் மில்லில் பி ஷிப்ட். இரும்பு பழுக்கக் காய்கிற இடத்தில் யார் போனை எடுப்பது? உலைக்கு ரெட் அலர்ட் கிடையாது. இரண்டு தடவை ரிங் போய் நின்றதும் செக்ரட்டரி முடிவெடுத்தார். ஹைவேயில் கவிழ்கிற லாரியை நிமிர்த்துகிற ரெக்கவரி வண்டி ஒன்று கேட்டுக்குள் வந்தது. கொசுவை அடிக்கக் கோடாலி.

காரை இழுப்பதற்கென்றே கம்பெனிக்காரன் ஒரு ஏற்பாடு செய்துதான் அனுப்புகிறான். முன் பம்பரில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மூடி இருக்கும். நெம்பினால் உள்ளே மரை. டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் கிடக்கும். அதைக் கொண்டுவந்து இந்த மரையில் திருகி, அதில்தான் கொக்கி மாட்ட வேண்டும். ஆனால் டிக்கி பூட்டியிருந்தது. ரெக்கவரி பையன் மல்லாந்து படுத்து, கைக்கு எட்டிய இடத்தில் சங்கிலியைக் கோத்தான்.

"ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு சார்," என்றான்.

"லேசான வண்டிதான தம்பி, வந்துரும். எடு."

வந்தது. முன்பக்கம் அந்தரத்தில் எழும்ப, சுற்றாத பின்சக்கரங்கள் பேவர் பிளாக்கில் இரண்டு கறுப்புக் கோடு போட்டபடி வந்தன. பம்பர் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒடிசாக்கார வாட்ச்மேன் மட்டும் "சார், டூட்ரா, டூட்ரா, உடையுது" என்று கூடவே ஓடினார். மேட்டில் இறக்கிய பிறகு செக்ரட்டரி வானத்தைப் பார்த்தார்.

எதிர்பார்த்த மழை வரவில்லை. 16ஆம் தேதி கொட்டும் என்றார்கள். தாழ்வு மண்டலம் மறுநாள் விடிகாலையில் சென்னைக்கு வடக்கே, கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலேயே, கரையைக் கடந்துபோனது. பி பிளாக் மூலையில் ஒரு குவளைத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

வண்டியை இழுத்த அன்று ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்த கார்க்காரர் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தபோது, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"யார் சார் தூக்கச் சொன்னது?"

"கமிட்டி முடிவு தம்பி."

"கமிட்டின்னா யாரு?"

"நான், பிரசிடென்ட், ட்ரெஷரர்."

பிரசிடென்ட் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் நாலு மாசம் ஆகிறது. ட்ரெஷரர் அப்போதுதான் பால்கனியில் வந்து, கீழே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

மறுநாள் கார்க்காரரின் மைத்துனர் வந்தார். பொன்னேரி கோர்ட்டில் வக்கீல். மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவை நிதானமாக எடுத்துச் சொன்னார். பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கிற வண்டியையோ, தடை செய்த இடத்தில் நிற்கிற வண்டியையோ அப்புறப்படுத்தச் சொல்ல, அந்தப் பகுதி போலீஸ் அதிகாரிக்குத்தான் அதிகாரம். அதுவும் சீருடையில் இருக்கிற அதிகாரிக்கு. சீருடை என்றதும் செக்ரட்டரி தன் ஆரஞ்சு ஜாக்கெட்டை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

இன்சூரன்ஸில் போட்டுவிடலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சொல்வதற்குச் சுலபம். அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டி, ஐம்பது சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்த்து வைத்திருக்கிற மனிதர். ஒரு பம்பருக்கு க்ளெய்ம் போட்டால் அடுத்த ரெனியூவலில் அது பூஜ்யம். கடைசியில் எல்லோருமாக டிங்கரிங் ஷெட்டுக்குப் போனோம்.

பம்பரோடு முன் ஃபெண்டர், கதவு, பின் டயர் இரண்டு என்று கணக்கு ஏறியது. செக்ரட்டரி போனை எடுத்தார். "கதவுக் கீறல் நம்ம கணக்கு இல்ல. ஜூன் மாசமே இருந்திருக்கு, பாருங்க." இருந்தது. "ஃபெண்டர் நெளிசல், ஆகஸ்ட் பதினொண்ணு." அதுவும் இருந்தது. வக்கீலின் சுருதி இறங்கிப்போனது.

"அப்ப பம்பர் சார்?" என்றார் கார்க்காரர்.

செக்ரட்டரி படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ரெக்கவரி வண்டி வந்த அன்று காலை, 5:52. பம்பர் புத்தம் புதுசாகப் பளபளத்தது. அடுத்த படத்தில் பின் டயர்கள், பட்டன் தேயாமல். வேறு ஆளாக இருந்தால் போனை அணைத்துப் பையில் போட்டிருப்பார். இவர் முகத்தில் பெருமை பொங்கியது. "பாத்தீங்களா! இதுக்குத்தான் டெய்லி ரவுண்ட்ஸ் வேணும்கிறது. ரெக்கார்டு இல்லன்னா இன்னைக்கு உங்களால நிரூபிக்க முடியுமா?" என்று சொல்லி, இரண்டு படத்தையும் அங்கேயே கார்க்காரருக்கும் வக்கீலுக்கும் அனுப்பிவிட்டார்.

ட்ரெஷரர் தலையில் கை வைத்துக்கொண்டார். செக்ரட்டரி அதற்குள் டிங்கர் பக்கம் திரும்பிவிட்டார்.

"பம்பரும் டயரும் சங்கம் குடுத்துரும். பில்லுல சங்கத்துப் பேர் முழுசா வரணும், ஜிஎஸ்டி நம்பரோட. ரெண்டு காப்பி."