31-ஆவது மாடிக்குச் சக்குபந்தி

துபாய்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. துபாயில் வீடு வாங்கிவிட்டேன் என்றதும் ஊரே விலை என்ன, எத்தனை ரூம் என்று கேட்டது. நீங்கள் ஒருத்தர்தான், "மூலப்பத்திரம் பார்த்தியாடே?" என்று கேட்டீர்கள். கோவில்பட்டி பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஃபோனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மூலப்பத்திரம் கிடையாது மாமா. இருக்கவும் வழியில்லை. வெளிநாட்டுக்காரன் இங்கே வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்று 2002-இல்தான் கதவைத் திறந்தார்கள். 2006-இல் 7-ஆம் எண் சட்டம் கொண்டுவந்து, குறித்துவிட்ட பகுதிகளில் மட்டும் வாங்கலாம் என்று வரையறை செய்தார்கள். அதற்கு முன்னால் இந்த மணலை அனுபவித்து வந்தது ஒட்டகம். அது யாருக்கும் எழுதிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. ஆகவே வில்லங்கமும் இல்லை. பங்காளி கையெழுத்து, அத்தை மகள் விடுதலைப் பத்திரம் என்ற தொந்தரவும் இல்லை.

சக்குபந்திதான் சிக்கல். நீங்களாயிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். "பாகிஸ்தான்காரர் சுவருக்குக் கிழக்கு, லிஃப்டுக்கு மேற்கு, ரஷ்யக்காரி தரைக்குக் கீழே, யாரென்றே தெரியாத ஒருவர் கூரைக்கு மேலே, இந்த எல்லைகளுக்கு உட்பட்ட ஆகாயம்." நான் வாங்கியது 31-ஆவது மாடியில் அந்த ஆகாயத்தைத்தான்.

பதிவு நடந்த இடத்தை நீங்கள் பார்த்தால் வருத்தப்படுவீர்கள். பத்திரம் எழுதுபவரே கிடையாது. வாங்குகிறவன், விற்கிறவன், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், வங்கி மேனேஜர் செக். கையில் ஒரு விலை, காகிதத்தில் ஒரு விலை என்ற நம் கலைக்கு இங்கே இடமே இல்லை. காபி குடித்து முடிப்பதற்குள் பத்திரம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. நிலத்துறைக்குக் கட்டணம் 4 சதவீதம். நம்ம ஊரில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 ஆயிற்றே, லாபம்தானே என்று நினைத்தேன். பிறகு தரகருக்கு 2 சதவீதம், அந்தத் தரகுக்கு மேல் 5 சதவீதம் வாட் வரி, வங்கிக் கடனைப் பதிய கடன் தொகையில் கால் சதவீதம், அந்தச் சான்றுக்கு இவ்வளவு, இந்த ஆபீஸுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தபோது கோவில்பட்டி எல்லை கண்ணுக்குத் தெரிந்தது.

தரகர் என்றதும் நம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டு, டை, வாசனைத் திரவியம், நான் இதுவரை உட்கார்ந்தறியாத கார். எங்களைக் கூட்டிப்போன இளைஞர் வீட்டைக் காட்டவே இல்லை, ஜன்னலைத்தான் காட்டினார். புர்ஜ் கலிஃபா தெரிந்தால் ஒரு விலை, கடல் தெரிந்தால் ஒரு விலை, பக்கத்துக் கட்டடத்துக்காரர் பல் தேய்ப்பது தெரிந்தால் ஒரு விலை. ஒரு வீட்டில் கடல் தெரியும் என்று சத்தியம் செய்தார். தெரிந்தது; பால்கனிக் கம்பியில் தொற்றி ஏறி இடப்பக்கம் எட்டிப் பார்த்து, பின்னாலிருந்து மனைவி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டால்.

அவர் வாஸ்துவும் பேசினார். இந்தியக் குடும்பங்களிடம் வியாபாரம் செய்து செய்து, ஈசான்ய மூலை எது என்று அந்த லெபனான்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. இங்கே துபாய் மரீனாவில் கயான் டவர் என்று ஒரு கட்டடம், 306 மீட்டர் உயரம். ஒவ்வொரு மாடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அடியிலிருந்து நுனிக்குப் போவதற்குள் மொத்தம் 90 டிகிரி முறுக்கியிருக்கிறார்கள். கீழே கிழக்கு பார்த்த ஜன்னல், உச்சிக்குப் போகும்போது வேறு திசை பார்க்கும். நம்ம ஊர் வாஸ்து ஜோசியரை அங்கே கூட்டிப்போனால் எந்த மாடியில் மயக்கம் போடுவார் என்று பார்க்க ஆசை.

கடன் விஷயம் சுருக்கமாக. எங்களைப் போன்றவர்களின் முதல் வீட்டுக்கு, விலை 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால், 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, 25 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நான் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வங்கிக்காரர் சிரித்த முகத்தோடு கேட்டு, ஒரு ஆயுள் காப்பீட்டையும் தலையில் கட்டினார். 2008, 2009-இல் இங்கே வீட்டு விலை பாதிக்குப் பாதி சரிந்த கதையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் முதல் தாரத்தைப் பற்றிப் பேசாத மாதிரி.

சொந்த வீடென்றால் வாடகை இல்லை அல்லவா? வாடகை இல்லைதான். சர்வீஸ் சார்ஜ் உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கட்ட வேண்டும். பூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாலும் கட்ட வேண்டும். நான் இறங்காத நீச்சல் குளத்துக்கும் ஏறாத டிரெட்மில்லுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஏசி தனிக் கதை. எங்கோ ஓர் ஆலையில் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். ஏசியே போடாவிட்டாலும் அதற்கு நிலைக்கட்டணம் உண்டு. ஜூலையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். போடாமல் இருப்பவன் பிழைப்பதில்லை.

இத்தனையும் கட்டியும் பால்கனியில் வேட்டி காயப்போட முடியாது. வெளியே தெரிகிற மாதிரி துணி தொங்கினால் நகரின் அழகு கெடுகிறதாம், மாநகராட்சி அபராதம் போடும். அத்தை கணபதி ஹோமம் பண்ணச் சொன்னார்கள். கட்டட நிர்வாகத்தில் கேட்டேன். விட்டத்தில் இருக்கும் புகை உணர்கருவியைக் காட்டி, புகை போனால் எல்லா மாடிக்காரர்களும் மாடிப்படி வழியே இறங்க வேண்டியிருக்கும் என்றார்கள். அக்னி பகவானுக்கு அனுமதி இல்லை. கரண்ட் அடுப்பில் பால் பொங்கியது. அத்தையிடம் ஹோமம் சிறப்பாக நடந்தது என்று சொல்லிவிடுங்கள்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 20 லட்சம் திர்ஹாமுக்கு, இன்றைக்கு நாலரைக் கோடி ரூபாய்க்கும் மேலே, வீடு வாங்கினால் 10 வருஷத்துக்குக் கோல்டன் விசா. அதற்காகவே அந்த விலையைத் தொட்டோம். இத்தனை வருஷம் கம்பெனி எனக்கு ஸ்பான்சராக இருந்தது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். இப்போது வீடுதான் எனக்கு ஸ்பான்சர். பத்திரத்தில் வீடு என் பேரில் என்றைக்கும், விசாவில் நான் இந்த நாட்டில் 10 வருஷம். வீட்டை விற்றால் விசாவும் போகும். நம்ம ஊரில் வீட்டுக்காரன் வீட்டைக் காலிபண்ணச் சொல்வான். இங்கே வீடு வீட்டுக்காரனைச் சொல்லும். ஆனாலும் வாங்கினது தப்பில்லை என்றே நினைக்கிறேன். மேனேஜர் முகம் சுளித்தால் ராத்திரி தூக்கம் கெட்ட காலம் போய்விட்டது; அதற்கு நாலரைக் கோடி கொடுக்கலாம்.

உயிலும் எழுதியாயிற்று. முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று 2015 முதல் இங்கே உயில் பதிவு மையம் இருக்கிறது. அது ஒன்றில் மட்டும் உங்கள் வாசகத்தைக் காப்பியடிக்க ஆசைப்பட்டேன். "நல்ல புத்தி சுவாதீனத்துடன்" என்ற இடத்தில், கடன் பத்திரத்தைப் பார்த்த வக்கீல் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

டிசம்பரில் அத்தையுடன் வந்துவிடுங்கள், வெயில் இருக்காது. டிக்கெட் நான் போடுகிறேன், பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கடலைமிட்டாய் தாராளமாகக் கொண்டு வரலாம். அத்தை குருமாவுக்கென்று கசகசாவைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்துவிடப் போகிறார்கள், கவனம். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். குருமாவுக்கு முந்திரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்